உமிச்சாம்பலைக் கலந்து களிமண்ணைக் கெட்டிப்படுத்த முடியுமா? முத்துப்பேட்டை பக்கம் நெல் கிடங்கும் வண்டிப் பாதையும்

#1 வயல்வரப்பு

எல்லோருக்கும் வணக்கம். முத்துப்பேட்டைக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு மனை இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து 120 மீட்டர் உள்ளே தள்ளி. அங்கே 40-க்கு 60 அடியில் ஒரு நெல் கிடங்கு போட எண்ணம். தகரக் கூரை, இரும்புத் தூண்.

சிக்கல் மண்தான். முழுக்கக் களி. தை அறுவடை முடிந்து வெயில் ஏறினால் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். ஐப்பசியில் டிராக்டர் அச்சு வரை இறங்கிவிடும். போன வருடம் வைக்கோல் ஏற்ற வந்த லாரியை இரண்டு டிராக்டர் கட்டி இழுத்தோம்.

என் மச்சான் மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறார். பாய்லரில் உமி எரித்த சாம்பல் கொல்லையில் மலையாகக் கிடக்கிறது. "வண்டியை மட்டும் கொண்டு வா மாப்ளே, எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போ" என்கிறார். யூடியூபில் ஒருவர் சாம்பலைக் களியோடு கலந்தால் கல் மாதிரி ஆகிவிடும் என்று பேசியிருந்தார். அதனால் எனக்கு ஆசை வந்துவிட்டது.

மண் பரிசோதனை செய்திருக்கிறேன், இரண்டு துளை. 7 மீட்டர் வரை "கருஞ்சாம்பல் நிற மென்களி" என்று எழுதியிருக்கிறார்கள். என்-மதிப்பு (சோதனைக் குழாயை 30 செ.மீ. மண்ணில் இறக்கச் சம்மட்டியால் எத்தனை அடி வேண்டும் என்ற எண்ணிக்கை) 2, 3, 3. அதற்குக் கீழே மணல், அங்கே 20-ஐத் தாண்டுகிறது.

கேள்வி இதுதான்: பாதைக்கும் கிடங்குக்கும் இந்தச் சாம்பலைப் போட்டால் நிற்குமா? எத்தனை அடி ஆழத்துக்குக் கலக்க வேண்டும்?

#2 பழைய_கொத்தனார்

தம்பி, நான் அந்தப் பக்கத்தில் 30 வருடம் வேலை பார்த்தவன். எங்கள் காலத்தில் சாம்பலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. சவுடு கொட்டி மேடாக்கி, இரண்டு மழை பார்த்துவிட்டுத்தான் வாணம் (அடித்தளப் பள்ளம்) தோண்டுவோம். அவசரப்பட்டவன் வீட்டுச் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும். இப்போது மனை வாங்கிய மறுமாதம் பூமி பூஜை போடுகிறார்கள். சாம்பல் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அவர் வீடு எந்த மண்ணில் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்.

#3 மண்_பொறியாளர்

கொத்தனார் ஐயா சொன்னதில் பாதி விஷயம் அடங்கிவிட்டது, பிறகு அதற்கு வருகிறேன்.

வயல்வரப்பு, உங்கள் மண்ணுக்கு இரண்டு வேறு நோய். ஒன்று, ஈரம் பட்டால் உப்புவதும் காய்ந்தால் சுருங்குவதும். நீங்கள் சொன்ன வெடிப்பு அதன் அடையாளம். இன்னொன்று, மண்ணே மென்மையாக இருப்பது. என்-மதிப்பு 2 முதல் 4 என்றால் பாடப்புத்தகக் கணக்கில் மென்களி. அதன் ஒற்றை அமுக்க வலிமை (பக்கத்தில் பிடிமானம் இல்லாமல் அழுத்தினால் தாங்குவது) 25 முதல் 50 கிலோபாஸ்கல்தான், அதாவது சதுர மீட்டருக்கு இரண்டரை முதல் 5 டன். கட்டைவிரலை வைத்து அழுத்தினால் உள்ளே போகும். கோவில்பட்டிக் கரிசலுக்கு முதல் நோய் மட்டும்தான்; கோடையில் அது பாறை மாதிரி நிற்கும். உங்களுக்கு மேல் ஒரு மீட்டரில் முதல் நோய், அதற்குக் கீழே 7 மீட்டர் வரை இரண்டாவது நோய். யூடியூப்காரர் எதற்கு மருந்து சொன்னார் என்று தெரியவில்லை.

அடுத்து சாம்பல். நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதாவது ஒரு டன் நெல்லுக்கு 40 கிலோ சொச்சம். நன்றாக எரிந்த சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. இந்தச் சிலிக்கா சிமெண்ட் மாதிரி ஒட்ட வேண்டுமானால் அதற்குச் சுண்ணாம்பு வேண்டும். தனியாகச் சாம்பலைக் கலந்தால் களியின் பிசுபிசுப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்ந்தால்தான் கால்சியம் சிலிக்கேட் பசை உருவாகும். சிமெண்ட் இறுகும்போது உண்டாவதும் அதே பசைதான்.

அதிலும் எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. 700 டிகிரிக்குள் எரிந்த உமியில் சிலிக்கா உருவமற்ற நிலையில் இருக்கும், சுண்ணாம்போடு சட்டென்று வினை புரியும். அதற்கு மேல் சூடேறினால் சிலிக்கா படிகமாகிவிடும். அப்புறம் அது கிட்டத்தட்ட மணல் தூள்தான். குறைவாக எரிந்தால் கரி மிச்சம் நிற்கும், சாம்பல் கறுப்பாக இருக்கும். உங்கள் மச்சான் மில் சாம்பல் என்ன நிறம்?

சுண்ணாம்பு களிக்குள் போனதும் இரண்டு வேலை செய்கிறது. முதல் வேலை மணிக்கணக்கில் முடிந்துவிடும்: களித் துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டுக் கால்சியம் உட்காரும், துகள்கள் கூட்டாகச் சேரும், பிசைந்த மாவு மாதிரி இருந்த மண் புட்டு மாவு மாதிரி உதிரும். இரண்டாவது வேலைதான் நான் மேலே சொன்ன பசை. அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும். சாம்பல் உதவுவது இந்த இரண்டாவது கட்டத்துக்கு.

ஆழம்: 30 செ.மீ., மிஞ்சிப் போனால் 45. டிராக்டரும் ரோலரும் எட்டுகிற ஆழம் அவ்வளவுதான். பாதைக்கு அது போதும். கிடங்குக்குப் போதாது. 7 மீட்டர் அல்வாவின் மேல் 30 செ.மீ. பிஸ்கட் வைத்த கதை.

#4 வயல்வரப்பு

சார், நன்றி. சாம்பல் கலந்து கிடக்கிறது. ஒரு பக்கம் வெளிர் சாம்பல் நிறம், பின்பக்கம் பழைய குவியல் கரி மாதிரிக் கறுப்பு. வெளிர் நிறத்தைச் சூளைக்காரர்கள் சிலர் வந்து எடுத்துக்கொண்டு போகிறார்களாம், கறுப்பை யாரும் சீண்டவில்லை என்கிறார் மச்சான். இலவசம் என்று அவர் சொன்னது எது என்று இப்போது புரிகிறது!

#5 இறுதியாண்டு_சிவில்

நானும் இதே தலைப்பில்தான் ப்ராஜெக்ட் செய்கிறேன். நாமக்கல்லில் படிக்கிறேன், இங்கே முட்டை ஓட்டுக்குப் பஞ்சமில்லை. முட்டை ஓட்டுத் தூளைச் சுண்ணாம்புக்குப் பதிலாகப் போடலாமா? ஓட்டில் 94 சதவீதம் கால்சியம் என்று படித்தேன்.

#6 மண்_பொறியாளர்

தம்பி, 94 சதவீதம் கால்சியம் இல்லை, கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் அதுதான், கிளிஞ்சலும் அதுதான். காளவாயில் போட்டுச் சுடாமல் கிளிஞ்சலை வெற்றிலைக்குத் தடவ முடியுமா? 800, 900 டிகிரியில் சுட்டு கரியமில வாயு வெளியேறினால்தான் அது சுண்ணாம்பு. சுடாத ஓட்டுத் தூள் களியில் நிரப்பியாக மட்டும் வேலை செய்யும். உங்கள் சோதனையில் சிறு முன்னேற்றம் தெரியும். கிரஷர் தூள் போட்டாலும் அதே அளவு தெரியும். இரண்டையும் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், உங்கள் அறிக்கை மற்றவர்களுடையதைவிட நேர்மையாக இருக்கும்.

இதே காரணத்தால் இன்னொரு எச்சரிக்கை: பழைய சுண்ணாம்பு வாங்காதீர்கள். திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த நீர்த்த சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கார்பனேட் ஆகியிருக்கும். விலை கொடுத்துச் சாக்பீஸ் தூள் வாங்கியதற்குச் சமம்.

கல்லூரிச் சோதனைகளைப் பற்றி மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே களியை அடுப்பில் காயவைத்து, மரச் சுத்தியலால் இடித்து, சலித்து, தட்டில் கையால் பிசைகிறோம். நூற்றுக்கு நூறு கலந்துவிடும். வயலில் களி அப்படி வராது. கட்டுரையில் இருக்கும் எண்ணைத் தளத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

#7 தார்ச்சாலை

மேலே சார் சொன்ன கடைசிப் பத்திக்கு நானே சாட்சி. கிராமச் சாலை ஒப்பந்த வேலை செய்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். ஒரு வேலையில் அடித்தளக் களிக்குச் சுண்ணாம்பு கலக்கச் சொல்லி வரைவிலேயே இருந்தது. நாங்கள் ஆரம்பித்தது புரட்டாசிக் கடைசி. களி ஈரம். ரொட்டவேட்டரை விட்டோம். நாற்றங்காலுக்குச் சேறடித்த மாதிரி ஆகிவிட்டது! இரண்டு நாள் காயவிட்டு மறுபடி ஓட்டினால் தேங்காய் அளவுக்குக் கட்டி கட்டியாக வந்தது. மேற்பார்வைக்கு வந்தவர் "பரவாயில்லை, போடுங்கள்" என்றார். நாங்களும் போட்டோம்.

அந்த வருட மழை முடிந்ததும் வெட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டிக்கும் வெளியே வெள்ளையாகச் சுண்ணாம்புப் பூச்சு, பிட்டால் உள்ளே அதே பழைய கறுப்புக் களி. ஜிலேபிக்குச் சர்க்கரைப் பாகு ஏறாத மாதிரி. 200 மீட்டர் மறுபடி தோண்டினோம், என் செலவில்.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது: பங்குனி, சித்திரையில் மட்டும்தான் இந்த வேலை. மேல் மண் வெடித்துக் காய்ந்திருக்கும்போது உழுது, வெயிலில் கிடத்தி, கட்டி உடைத்து, முதலில் சுண்ணாம்பைப் பாதி போட்டு லேசாகத் தண்ணீர் தெளித்து ஒரு நாள் ஊறவிட வேண்டும். மறுநாள் அந்தக் கட்டிகள் தானாகவே உதிரும். அப்புறம் மிச்சச் சுண்ணாம்பும் சாம்பலும். 15 செ.மீ. தடிமனில் இரண்டு படலமாகப் போட்டு ஒவ்வொன்றையும் ரோலர் விட்டு இறுக்குங்கள். மேலே ஒரு வாரம் சாக்கு போட்டு ஈரம் காக்க வேண்டும். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோமே, அதே மாதிரி.

காற்று அடிக்கிற நாளில் சாம்பலைக் கொட்டாதீர்கள். உமிச்சாம்பல் பஞ்சு மாதிரி. பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வந்தது தனிக் கதை. ஆட்களுக்கு முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

#8 களர்நிலம்

ஏன் இவ்வளவு சுற்று? தொழிற்சாலைக் கழிவு ஜிப்சம் சல்லிசாகக் கிடைக்கிறது. எங்கள் களர் வயலுக்குப் போட்டால் மண் பொலபொலப்பாகி விடுகிறது. அதையே பாதைக்கும் போடலாமே? சுண்ணாம்போடு சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லதுதானே?

#9 மண்_பொறியாளர்

வயலுக்கு நீங்கள் போடுவது சரி. ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் சோடியத்தைத் தள்ளுகிறது, மண் உதிர்கிறது. நான் #3-இல் சொன்ன முதல் வேலை அதுவேதான்.

ஆனால் சுண்ணாம்போடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். சுண்ணாம்பு சேர்ந்த களியில் அலுமினா கரைந்து வெளியே வரும். அதோடு ஜிப்சத்தின் சல்பேட்டும் தண்ணீரும் சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகம் வளரும். அது தன்னுள்ளே ஏகப்பட்ட நீரை வாங்கிக்கொண்டு உப்பும். போட்ட சாலை கீழிருந்து மேலே எழும். அமெரிக்காவின் லாஸ் வேகஸில் ஸ்டூவர்ட் அவென்யூ என்ற சாலை இப்படித்தான் போட்ட சுமார் இரண்டு ஆண்டில் உப்பி வெடித்தது. 1986-இல் அமெரிக்க மண் பொறியியல் பேராசிரியர் ஜேம்ஸ் மிட்செல் அதை விளக்கி எழுதிய பிறகுதான் உலகம் முழுக்கச் சுண்ணாம்பு போடும் முன் சல்பேட் பார்க்கும் பழக்கம் பரவியது. டெக்சாஸ் சாலைத் துறையின் கணக்கில் மண்ணில் சல்பேட் 3,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3,000 பங்கு) வரை வழக்கம்போல் சுண்ணாம்பு போடலாம். 8,000-ஐத் தாண்டினால் தொடவே கூடாது.

நம் ஊரிலும் இது வெறும் பாடமில்லை. பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், களிக்குள்ளேயே ஜிப்சம் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும். அங்கே யாராவது சோதிக்காமல் சுண்ணாம்பு போட்டால் நானே போய் நின்று பார்க்கத் தயார்.

வயல்வரப்பு, உங்கள் மனை கடலுக்குப் பக்கம். கடல் நீரிலேயே லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல் சல்பேட் உண்டு. அதனால் சல்பேட், உப்பு, மட்கு மூன்றையும் சோதித்துவிட்டு வாருங்கள். அலையாத்திக் காட்டுச் சேறு மாதிரிக் கறுத்து நாறுகிற மண்ணில் மட்கு அதிகம். அங்கே சுண்ணாம்பு வேலை செய்யாது.

#10 நெய்வேலி_வாசி

இடையில் ஒன்று. சுண்ணாம்பே இல்லாமல் ஓரளவு தானே இறுகும் சாம்பல் வேண்டுமானால் லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) சாம்பல் பாருங்கள். மற்ற அனல் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலைவிட இதில் கால்சியம் கூடுதல். 2021 டிசம்பர் 31-இல் வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி அனல் மின் நிலையங்கள் தங்கள் சாம்பல் முழுவதையும் பயன்பாட்டுக்கு அனுப்பியாக வேண்டும், 300 கி.மீ. சுற்றளவில் நடக்கும் சாலை, கட்டட வேலைகள் அதைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் லிக்னைட் சாம்பலில் சல்பேட்டும் இருக்கலாம், மேலே சார் சொன்னதைப் படித்த பிறகு அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

#11 சாங்கிக்காரன்

சிங்கப்பூரில் 18 வருடம் மண் வேலையில் இருந்தவன். அங்கே கடலோரக் களி உங்களுடையதைவிட மோசம், பல இடங்களில் 20, 30 மீட்டர் ஆழம். சாங்கி விமான நிலையப் பக்கம் கடலைத் தூர்த்து நிலம் எடுத்தபோது அதில் எதையும் கலக்கவில்லை. நாடா மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் வடிகாலை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் செங்குத்தாகக் களிக்குள் இறக்கி, மேலே மணல் மேடு போட்டு விட்டுவிடுவார்கள். பாரம் அழுத்த அழுத்தத் தண்ணீர் அந்த நாடா வழியே மேலே வரும். மேடு இறங்கிக்கொண்டே வரும், நாங்கள் வாரா வாரம் அளந்து எழுதுவோம். இறக்கம் நின்ற பிறகுதான் மேல் வேலை.

கொத்தனார் ஐயா சொன்ன "இரண்டு மழை" இதுதான்! பாரம் ஏற்றிக் காத்திருப்பது. நாடா போட்டால் காத்திருக்கும் காலம் குறைகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

#12 மண்_பொறியாளர்

சாங்கிக்காரன் சரியான இடத்துக்கு வந்துவிட்டார். ஒரு சின்னக் கணக்கு.

நெல் மூட்டை 4 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் தரையில் சதுர மீட்டருக்கு சுமார் 2.3 டன், அதாவது 23 கிலோபாஸ்கல். கிடங்கு முழுக்க அந்தப் பாரம் பரவி நிற்பதால் 7 மீட்டர் களி முழுவதும் அதை உணரும். இப்படிப்பட்ட களி 10 செ.மீ.க்கு மேல் இறங்கினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மேல் 30 செ.மீ.யைச் சுண்ணாம்பும் சாம்பலும் போட்டுப் பாறையாகவே ஆக்கினாலும் அந்தப் பாறையும் சேர்ந்து இறங்கும்.

பலர் மறப்பது இன்னொன்று. மழைத் தண்ணீருக்குப் பயந்து மனையை ஒரு மீட்டர் மேடாக்குகிறீர்கள் அல்லவா? அந்தச் சவுடு மட்டும் 18 கிலோபாஸ்கல். கிட்டத்தட்ட இன்னொரு கிடங்கு நெல்லை முன்கூட்டியே ஏற்றிவிட்டீர்கள். அதன் மேல் உடனே பைல் (களியைத் தாண்டிக் கீழே கெட்டி மண் வரை இறக்கும் ஆழத் தூண்) இறக்கினால், இறங்குகிற களி பைலையும் பிடித்துக் கீழே இழுக்கும். பைல் தாங்குவதற்குப் பதில் களியைச் சுமக்கும். நெடுஞ்சாலை மேடுகளில் நிலக்கரிச் சாம்பலை நிரப்பியாகப் போடுவதற்கு ஒரு காரணம் அது மண்ணைவிட எடை குறைவு என்பதுதான்.

எத்தனை நாள் காத்திருப்பது? தண்ணீர் வெளியேற வேண்டிய தூரம் இரட்டிப்பானால் காலம் நான்கு மடங்கு. 7 மீட்டர் தொடர்ச்சியான களிப் படலத்துக்கு, நடுவில் மணல் இழை எதுவும் இல்லையென்றால், இரண்டு மழையல்ல, பத்து மழை கூட ஆகலாம். டெல்டாவில் பெரும்பாலும் நடுநடுவே மணல் இழை ஓடுவதால் கொத்தனார் ஐயாவின் இரண்டு மழை பல வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

என் யோசனை: தூண்களை மணல் வரை பைலில் இறக்குங்கள். பைல் வடிவமைப்பை நான் இணையத்தில் சொல்ல மாட்டேன், ஒரு பொறியாளரை நேரில் கூட்டிப்போங்கள். தரையைத் தூண்களோடு கட்டிப் போடாதீர்கள். கான்கிரீட் தளத்துக்குப் பதில் பேவர் கல் பதித்துவிட்டால், இரண்டு வருடம் கழித்து இறங்கிய இடத்தைப் பெயர்த்து மட்டம் பார்த்துக்கொள்ளலாம். முதல் வருடம் மூட்டையை 2 மீட்டருக்கு மேல் அடுக்க வேண்டாம். சாம்பல் எல்லாம் பாதைக்கு.

#13 பழைய_கொத்தனார்

பத்து மழையா! நல்லவேளை, அந்தக் காலத்தில் எனக்கு இது தெரியாது.

#14 வயல்வரப்பு

மண்ணெண்ணெய்ச் சோதனை என்று ஒன்று இருக்கிறதாமே, அதை வீட்டிலேயே செய்து பார்த்தேன். முறை: காய்ந்த மண்ணை நைசாகச் சலித்து 10 கிராம் எடுத்து 100 மி.லி. அளவுக் குழாயில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். இன்னொரு 10 கிராமை அதே போல வாலைநீரில். 24 மணி நேரம் கழித்து மண் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும். (சோதனையைவிட மண்ணெண்ணெய் தேடியதுதான் கஷ்டம்.)

மண்ணெண்ணெயில் 10, தண்ணீரில் 16. அப்படியானால் 60 சதவீதம். இது அதிகமா?

சல்பேட் சோதனையும் வந்துவிட்டது. 1,000 பிபிஎம்-க்குக் கீழே. வாய்க்கால் ஓரத்தில் மட்டும் மண் எடுக்கவில்லை.

#15 மண்_பொறியாளர்

ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 2720, 40-ஆம் பகுதியில் இருக்கும் சோதனை அது. புழக்கத்தில் உள்ள ஒரு வகைப்பாட்டின்படி 50-ஐத் தாண்டினால் "மிக அதிகம்" என்ற வகுப்பு. சல்பேட் பிரச்சினை இல்லை என்பது நல்ல செய்தி.

சுண்ணாம்பு எவ்வளவு என்று முடிவு செய்ய ஒரு வழி: 25 கிராம் சலித்த மண், 100 மி.லி. வாலைநீர், அதில் 2, 3, 4, 5, 6 சதவீதம் சுண்ணாம்பு போட்ட தனித்தனிப் புட்டிகள். ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கிவிட்டு பிஹெச் பாருங்கள். எந்தப் புட்டியில் முதலில் 12.4 வருகிறதோ அதுதான் குறைந்தபட்ச அளவு. காகிதம் போதாது, பிஹெச் மீட்டர் வேண்டும், பக்கத்துக் கல்லூரியில் கேளுங்கள். அங்கேயே ஊறவைத்த சி.பி.ஆர். சோதனையும் (மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று நல்ல ஜல்லியோடு ஒப்பிட்டுச் சதவீதத்தில் சொல்வது) செய்யச் சொல்லுங்கள், நான்கு நாள் தண்ணீரில் ஊறிய பிறகு பார்ப்பது. ஊறவைக்காத எண்ணை யாராவது காட்டினால் வாங்காதீர்கள், நம் ஊரில் மழை பெய்யும்.

#16 தார்ச்சாலை

அளவு கணக்கையும் போட்டுவிடுங்கள், இங்கேதான் எல்லோருக்கும் தலை சுற்றும். 120 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம். 126 கன மீட்டர். காய்ந்த எடை கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்றால் 189 டன் மண். சுண்ணாம்பு 5 சதவீதம் என்றால் ஒன்பதரை டன். சாம்பல் 10 சதவீதம் என்றால் 19 டன்.

19 டன் என்றதும் இரண்டு டிப்பர் என்று நினைத்துவிடாதீர்கள். உமிச்சாம்பல் கன மீட்டருக்கு 400 கிலோ தேறினாலே அதிகம். கிட்டத்தட்ட 48 கன மீட்டர், பழைய கணக்கில் 17 யூனிட். தார்ப்பாய் கட்டி, நனைத்து, மன்னார்குடியிலிருந்து கொண்டு வர வேண்டும். இலவசச் சாம்பலுக்கு வண்டி வாடகைதான் விலை. மில் 60, 70 கி.மீ.க்கு அப்பால் இருந்திருந்தால் கூடுதலாக இரண்டு சதவீதம் சுண்ணாம்பு வாங்கிவிட்டுச் சாம்பலை மறந்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

#17 மில்லுக்குப்பக்கம்

பிளாஸ்டிக் பையை நறுக்கிக் களியில் போடலாமா? மதுரையில் பிளாஸ்டிக் ரோடு போடுகிறார்களே.

#18 தார்ச்சாலை

அது வேறு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டது, சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசி அப்புறம் தார் சேர்ப்பது. 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அது சாலையின் மேல் தோல். களியில் நறுக்கிப் போட்டால் உருகாது, ஒட்டாது, நார் மாதிரிக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அடுத்த உழவில் பக்கத்து வயலுக்குப் போய்ச் சேரும். தென்னை நார் விரிப்பு வேண்டுமானால் களிக்கும் கிராவலுக்கும் நடுவில் போடுங்கள், மட்கும் முன் பாதை இறுகிவிடும்.

#19 வயல்வரப்பு (பல மாதம் கழித்து)

எல்லோருக்கும் மறுபடி வணக்கம். இழையை மேலே கொண்டு வருகிறேன், படித்தவர்களுக்கு முடிவு தெரிய வேண்டுமே.

பிஹெச் சோதனையில் 4 சதவீதம் சுண்ணாம்பிலேயே 12.4 வந்துவிட்டது. கல்லூரியில் வெறும் களியின் ஊறிய சி.பி.ஆர். 2-ஐத் தொடவில்லை. 4 சதவீதச் சுண்ணாம்பும் 10 சதவீத வெளிர் சாம்பலும் கலந்து 28 நாள் வைத்தது 10-ஐத் தாண்டியது. கறுப்புச் சாம்பலையும் சும்மா கொடுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு மட்டும் போட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளிர் சாம்பலுக்கு மச்சான் காசு வாங்கவில்லை, ஆனால் சூளைக்காரர் ஒருவருடைய லோடை எனக்குக் கொடுத்ததாக இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

சித்திரை இரண்டாவது வாரம் ஆரம்பித்தோம். தார்ச்சாலை அண்ணன் சொன்ன மாதிரியே முதல் நாள் பாதிச் சுண்ணாம்பு, ஒரு இரவு ஊறல். மறுநாள் காலையில் மண்ணைக் கையில் எடுத்தால் நிஜமாகவே புட்டு மாவு! இரண்டு படலம், ரோலர், ஒரு வாரம் ஈரச் சாக்கு. மேலே 15 செ.மீ. கிராவல். கிடங்குக்குப் பைல் போட்டாயிற்று, மனையை ஒன்றரை அடி மட்டும் உயர்த்தினோம். பேவர் தரை.

இந்த ஐப்பசி முழுக்க நெல் லாரி வந்து போனது. பாதையில் 100 மீட்டருக்கும் அதிகமான நீளத்தில் சக்கரத் தடம்கூட ஆழமாக விழவில்லை. ஆனால் வாய்க்கால் மதகை ஒட்டி ஒரு 15 மீட்டர் உட்கார்ந்துவிட்டது. லாரியின் பின் சக்கரம் ஒரு முழம் இறங்கியது.

#20 பழைய_கொத்தனார்

மதகுப் பக்கம் ஓரக் கால்வாய் வெட்டினீர்களா? தண்ணீர் நின்றதா?

#21 வயல்வரப்பு

வெட்டினோம் ஐயா. தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும் மண் நல்ல கறுப்பு. நேற்று மண்வெட்டி போட்டுப் பார்த்தேன், அழுகிய முட்டை நாற்றம். உள்ளே தாழை வேர் மாதிரி ஏதோ மட்கிக் கிடக்கிறது. சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளியாக அப்படியே தெரிகிறது, மண் இன்னும் பிசுபிசுப்பு.

#22 மண்_பொறியாளர்

நீங்கள் மாதிரி எடுக்காத வாய்க்கால் ஓரம். மட்கு சுண்ணாம்பைத் தின்றுவிட்டது. அங்கே இன்னும் சுண்ணாம்பு கொட்டிப் பயனில்லை. அந்த 15 மீட்டரில் கறுப்பு மண் முடிகிற வரை, ஒரு மீட்டராவது, வெட்டி எடுத்துவிட்டு மணலோ உடைத்த கட்டட இடிபாடோ நிரப்புங்கள். இடிபாட்டில் மரம், ஜிப்சம் பலகை இல்லாமல் பார்த்து வாங்குங்கள். மதகுச் சுவரை ஒட்டி வெட்டும்போது சுவருக்கு முட்டுக் கொடுங்கள்.

#23 வயல்வரப்பு

சரி சார். திருத்துறைப்பூண்டியில் ஒரு பழைய ஓட்டு வீடு இடிக்கிறார்கள், செங்கல் துண்டு நாலு லோடு பேசிவிட்டேன். மார்கழி கடைசியில் மழை விட்டதும் பொக்லைன் வரும். படம் போடுகிறேன்.